எங்கே வைக்க என்று அது கேட்கட்டும்: சேரங்கோட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேரங்கோட்டிலும் சேரம்பாடி, அய்யன்கொல்லி பக்கத்திலும் லேப்டாப்போ ஒரு நல்ல போனோ வைத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு,

நாலு வரி எழுதிக் கடைக் கதவில் ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் நின்றுகொண்டே படித்து முடிக்க முடியாது. லயத்துத் திண்ணையிலோ, பந்தலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ படித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள். ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்.

போன மழையில் ஒரு சாயங்காலம் உங்களில் ஒருவன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, அதன் மேல் உரச்சாக்கைப் போர்த்திக் கடைக்குக் கொண்டுவந்தான். பேர் சொல்ல மாட்டேன், கண்டுபிடிக்கவும் பார்க்காதீர்கள். “அண்ணே, போட்டோ எதுவும் தெறக்க மாட்டேங்குது” என்றான். திறந்து பார்த்தேன். படங்களின் சின்ன உருவம் தெரிய வேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளைத் தாள். ஒவ்வொரு கோப்பின் பேருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு. கோப்புகள் வேண்டுமானால் 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490 டாலர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆடித் தள்ளுபடி மாதிரி.

“நானூத்தித் தொண்ணூறு டாலர்னா எவ்ளோண்ணே?” என்று கேட்டான். கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. அவன் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அந்தத் தொகைக்கு எத்தனை மாதம் அவர் மலையேறி இறங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டிலும் அதே கணக்குதான்.

போனதில் சினிமா இருந்தது, பாட்டு இருந்தது, கல்லூரி நோட்ஸ் இருந்தது. அதெல்லாம் போகட்டும். அவன் பாட்டியின் பழைய காகிதங்களும் அதில்தான் இருந்தன. இலங்கையிலிருந்து வரும்போது கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட்டின் பக்கங்கள், வந்திறங்கியதும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கடையில்தான் ஸ்கேன் செய்தோம். அதற்கப்புறம் லயத்துக் கூரை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அசல் காகிதம் கூழாகிவிட்டது. மிச்சம் இருந்தது லேப்டாப்பில் இருந்த அந்தப் படம்தான்.

நடந்தது இதுதான். சிநேகிதன் வீட்டுக் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டித் தர இவன் ஒத்துக்கொண்டிருக்கிறான். அதற்கு எடிட்டிங் சாஃப்ட்வேர் வேண்டும். விலை கொடுத்து வாங்க வழியில்லை. டோரண்டில் ‘கிராக்’ தேடி இறக்கியிருக்கிறான். வந்தது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு ஜிப். கூடவே ஒரு சின்னக் குறிப்பு: ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும். சொன்னபடி அணைத்துவிட்டான். திருடன் வாசலில் நின்று நாயைக் கட்டச் சொல்கிறான், நாம் போய்க் கட்டிவிட்டு வருகிறோம்.

உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டிய வைரஸுக்கு ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் பேர். 2018 வாக்கிலிருந்து உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகிற ரகம் இல்லை. கிராக், கீஜென் என்று தேடுகிற நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களிடம்தான் வரும். எம்சிசாஃப்ட் என்கிற நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு ஒரு விடுவிப்புக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. அன்று ராத்திரியே இறக்கி ஓட்டினோம், திறக்கவில்லை. பூட்டுகிற சமயத்தில் லேப்டாப்பில் இணையம் இல்லாமலிருந்தால், பலருக்கும் பொதுவான ஒரு சாவியை வைத்து அந்த வைரஸ் பூட்டும்; அந்தச் சாவி கிடைத்திருந்தால் திறந்துவிடலாம். இணையம் இருந்தால் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனிச்சாவி வாங்கிக்கொள்ளும். அன்றைக்குப் பார்த்து சிக்னல் நன்றாக இருந்திருக்கிறது. சேரங்கோட்டில் சிக்னல் இருக்கிற நாளை எண்ணிவிடலாம், அந்த நாளில் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் வயிற்றெரிச்சல் அது. இந்தப் பூட்டு அவசரக்காரப் பூட்டு. கோப்பின் முதல் 150 கேபியை மட்டும் குழப்பிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். அதனால் பெரிய வீடியோக்களில் சிலவற்றைச் சரிசெய்துவிட முடியும். அவன் இறக்கி வைத்திருந்த சினிமாக்களில் இரண்டு மூன்று அப்படித்தான் பிழைத்தன. பாட்டியின் பாஸ்போர்ட் படம் எவ்வளவு தெரியுமா? தொண்ணூற்றுச் சொச்சம் கேபி. சான்றிதழ் மனுவோடு ஏற்றுவதற்காக நூறு கேபிக்குள் சுருக்கித் தந்தவன் நான்தான். முழுசாகப் பூட்டிக்கொண்டது. திருட்டுப் படம் பிழைத்தது, பாட்டியின் படம் போயிற்று. பெரிய அளவிலேயே ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் தப்பு என் கணக்கில்.

அது மட்டுமா என் கணக்கில்? உங்கள் அண்ணன்மார்களைக் கேளுங்கள். ஜியோ வந்த 2016க்கு முன்னால் இந்தக் கடையில் என்ன வியாபாரம் நடந்தது என்று சொல்வார்கள். மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவேன், படம் ஏற்றித் தருவேன். தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ரிலீஸ் ஆன வாரத்திலேயே இருக்கும். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதனால் உங்களுக்கு நீதி போதிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பட்டவன் சொல்கிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

“எல்லாரும்தான் இறக்குறாங்க, நம்மள யாருண்ணே புடிக்கப்போறா?” என்கிறீர்கள். டோரண்ட் எப்படி ஓடுகிறது என்று தெரியாததால் வருகிற தைரியம் இது. 2001இல் பிராம் கோஹன் என்கிற அமெரிக்கர் உருவாக்கிய ஏற்பாடு. நல்ல மூளை, அதில் சந்தேகமில்லை. நீங்கள் முதலில் இறக்குகிற அந்தச் சின்ன டோரண்ட் கோப்பில் படமே இருக்காது. படம் எத்தனை துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் என்ன என்கிற பட்டியல்தான் இருக்கும். துண்டுகள் ஊர் உலகத்தில் யார் யார் கம்ப்யூட்டரிலோ கிடக்கின்றன. அவர்களிடமிருந்து உங்களுக்கு வருகிறது, உங்களுக்கு வந்த துண்டு அப்போதே உங்களிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. இறக்குகிற ஒவ்வொருவரும் ஏற்றுகிறவரும்தான். உங்கள் இணைய முகவரி அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நீங்கள் படம் பார்க்கிறோம் என்று நினைக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் விநியோகஸ்தர். தினம் ஒன்றரை ஜிபி டேட்டா மத்தியானமே தீர்ந்துபோகிறதே, அதில் பாதி உங்களிடமிருந்து வெளியே போனதாகக்கூட இருக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. நம் மாநிலக் குண்டர் சட்டத்தில் 2004இலேயே திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்தார்கள். 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டத்தில், படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்பினால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம்வரை சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்குகிறது. திருட்டுத் தளம் நடத்திய தமிழ்ராக்கர்ஸ் மாதிரிக் கூட்டங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள், உங்களை இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் தடை என்று வந்தால் அது எல்லார் தலையிலும் விழும். 2012இல் ‘3’ படம் வந்தபோது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் திருட்டுத் தளங்களோடு சேர்த்து, விமியோ மாதிரி ஒழுங்கான தளங்களையும் முழுசாக மூடிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் மூட வேண்டும் என்று நீதிமன்றம் திரும்பத் தெளிவுபடுத்த ஜூன் மாதமாயிற்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டோரண்டே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. கத்தியில் காயும் நறுக்கலாம். லினக்ஸை உருவாக்குகிறவர்களே அதை டோரண்டில் தருகிறார்கள். லிப்ரே ஆபீஸ் அப்படித்தான் கிடைக்கிறது, அதில் தமிழிலேயே மெனு வைத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012இலிருந்து தன்னிடமுள்ள புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் டோரண்டாகவும் தருகிறது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. பாதியில் மின்சாரம் போகும், சிக்னல் போகும், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டையும் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்ப்பதால் கெட்ட துண்டு ஒட்டாது. பிரவுசரில் நேராக இறக்கும்போது தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுபோய் மறுபடி முதலிலிருந்து இறக்கிய வயிற்றெரிச்சல் உங்களுக்கும் இருக்கும். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மியூடோரண்ட்டோடு 2015இல் கிரிப்டோ காசு தோண்டுகிற ஒரு நிரல் ஒட்டிக்கொண்டு வந்து பெரிய ரகளையானது. நான் கியூபிட்டோரண்ட் போடச் சொல்வேன். விளம்பரம் இல்லை, சேர்க்கும்போதே உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பட்டியல் காட்டும், வேண்டாததின் டிக்கை எடுத்துவிடலாம்.

பட்டியலைப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொழுந்து நிறுவையில் கூடையைக் கொட்டும்போது கங்காணி என்ன செய்கிறார்? கையை உள்ளே விட்டு முற்றின இலையையும் குச்சியையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தராசில் ஏற்றுகிறார். உங்கள் அம்மாமார் அந்தக் கைக்குப் பயந்தே பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார்கள். நீங்கள் மட்டும் கூடையோடு வீட்டுக்குள் கொட்டிக்கொள்கிறீர்கள்.

அந்தக் கை பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. குரோமில் செட்டிங்ஸ் போய் டவுன்லோட்ஸைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பையும் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லும் ஒரு பட்டன் இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டால் நீங்கள் சரி சொல்லாமல் எதுவும் தானாக உள்ளே வந்து உட்காராது. பேரும் தெரியும், எங்கே போகிறதென்றும் தெரியும். பச்சை நிறத்தில் மூன்று ‘டவுன்லோட்’ பட்டன் காட்டி ஏமாற்றுகிற தளத்தில் தவறாக அமுக்கினாலும், படத்துக்குப் பதிலாக வேறு பேரில் ஒரு கோப்பு வாசலில் நிற்பதைப் பார்த்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் முன்பு தானாகவே கேட்டுக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து கேட்காமலே இறக்குகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். வேகமாம். அதிலும் போய்க் கேட்கச் சொல்லி வையுங்கள்.

இறக்கிய கோப்பைத் தானே திறக்கும்படி எப்போதாவது விட்டிருந்தால் குரோமின் அதே டவுன்லோட்ஸ் பக்கத்தில் அதை நீக்கிவிடலாம். ஒரே தளம் அடுத்தடுத்துப் பல கோப்புகளை இறக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

விண்டோஸில் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. கோப்பின் வால் எழுத்துகளை அது மறைத்து வைத்திருக்கும். படத்தின் பேர், பக்கத்தில் ‘எம்கேவி’ என்று தெரியும். அதற்கும் பின்னால் ‘ஈஎக்ஸ்ஈ’ ஒளிந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவைத் திறந்து, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைக் காட்டச் சொல்லிவிட்டால் வால் வெளியே வந்துவிடும். சினிமாவுக்கு ‘ஈஎக்ஸ்ஈ’ வால் இருக்கவே இருக்காது. இரண்டரை மணி நேரப் படம் நாலு எம்பியில் வராது.

போன் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டி அபராதச் சலான் என்றும் வாட்ஸப்பில் ஏபிகே கோப்புகள் சுற்றுகின்றன. தொட்டால் செயலியாக உள்ளே இறங்கி, வங்கியிலிருந்து வருகிற ஓடிபியைப் படிக்கும். செட்டிங்ஸில் தெரியாத செயலிகளை நிறுவ எந்தெந்த ஆப்புக்கு அனுமதி என்று பார்த்து, குரோம், வாட்ஸப் இரண்டுக்கும் அணைத்து வையுங்கள். பணம் போய்விட்டால் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் கூப்பிடாதீர்கள்.

ஒரு சங்கதி, கோபப்படாமல் கேளுங்கள். 2011இலிருந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. வாங்கிய வாரமே என்னிடம் கொண்டுவந்து, “இந்த பாஸத் தூக்கிருங்கண்ணே, கேம் போட எடம் வேணும்” என்றவர்கள் எத்தனை பேர்! நானும் தூக்கிக் கொடுத்தேன். விண்டோஸுக்காக எழுதிய அந்த ஈஎக்ஸ்ஈ, பாஸில் கிளிக் செய்தால் லேசில் ஓடாது.

இனி காகிதத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் புல்லட் என்று பேர் வாங்கிய யானை நம் பக்கத்தில் வீடு வீடாகச் சுவரை இடித்துக்கொண்டு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி வாசனைக்கு வந்தது. அந்த ராத்திரிகளில் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எதை எடுத்தார்கள்? எங்கள் வீட்டில் என் அம்மா ஒரு மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். பையில் நகை இல்லை. காகிதம். இலங்கையோடு இந்தியா 1964இல் செய்த ஒப்பந்தம், அங்கிருந்த நம் ஆட்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. அந்த எண்ணிக்கைக்குள் நாமும் இருந்தோம் என்பதற்கு நம் கையில் இருக்கிற சாட்சி அதுதான். சாதிச் சான்றிதழுக்குப் போனாலும், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை முடிந்து வீட்டுக்கு மனுப் போட்டாலும், “தாயகம் திரும்பியவர் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்கிற கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. யானையிடமிருந்து காப்பாற்றிய காகிதத்தை நாம் ஒரு கிளிக்கில் தொலைக்கலாமா?

அந்தப் பையனின் பாட்டியிடம் விஷயத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டர், பூட்டு, டாலர் ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அந்தப் புஸ்தகத்துல நான் இருவது வயசுப் புள்ள. எங்கிட்ட இருந்த ஒரே படம் அது” என்றார். நான் அத்தாட்சியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பற்றிப் பேசினார்.

நம் ஆட்களின் முகம் வேறு இடத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நூலகம் என்கிற இணைய நூலகத்தை 2005இலிருந்து நடத்துகிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததை மறக்காதவர்கள், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்துப் பழைய எழுத்தும் அதில் இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை யாரென்று தெரியாமலே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த லயத்தை எழுதியவர் அவர். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இவற்றை இறக்கினால் போலீசும் வராது, பூட்டும் வராது.

இப்போது வேண்டுகோள்.

வருகிற மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணியிலிருந்து கடையில் வியாபாரம் கிடையாது. லேப்டாப்பையும் போனையும் கொண்டு வாருங்கள். நான் மேலே சொன்ன மாற்றங்களை உட்கார்ந்து செய்துவிடுவோம், ஆளுக்குக் கால் மணி நேரம். கிராக் போட்ட சாஃப்ட்வேர் இருந்தால் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். அதற்குப் பதில் இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுத் தருகிறேன். வீடியோ வெட்ட ஷாட்கட், படத்துக்கு ஜிம்ப். பழகுகிறவரை முனகுவீர்கள், அப்புறம் சரியாகிவிடும்.

வீட்டிலிருக்கிற பழைய காகிதம் அத்தனையும் எடுத்து வாருங்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கப்பலேறிய நாளின் துண்டுச் சீட்டு இருந்தால் அதுவும். பெரிய அளவில் ஸ்கேன் செய்து இரண்டு பிரதி எடுப்போம். ஒன்று உங்கள் பென்டிரைவில், இன்னொன்று உங்களுக்கு நம்பிக்கையான வேறொரு வீட்டில் இருக்கிற பென்டிரைவில். இரண்டையும் கம்ப்யூட்டரில் குத்தியே வைத்திருக்கக் கூடாது. பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். ஸ்கேனுக்குக் காசு வேண்டாம். பென்டிரைவ் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும்.

இன்னொரு காரியத்துக்கு ஆள் வேண்டும். கண்டியிலிருந்து ஒரே சமயத்தில் வந்த குடும்பங்கள் சிலது பக்கத்து டிவிஷன்களில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன்னால் கூட்டாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று யார் வீட்டிலோ இருப்பதாக அந்தப் பையனின் பாட்டி சொல்கிறார். முன்வரிசையில் இடதுபக்கம் இரண்டாவதாக, ரெட்டைச் சடை போட்டு நிற்கிறாராம். உங்கள் வீட்டுப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை அண்ணன்,
சேரங்கோடு